அண்ணையின் கதிரைக்கு எண்ணெய் வைத்த கதை

லண்டன் நிலக்கீழ் ரயிலில், நோர்தேர்ன் லைனில், ஆர்ச்வேயில் ஏறி மோர்டனுக்குப் போவதில் எனக்குப் பிடித்த ஒரே விசயம், மோர்டன்தான் கடைசி நிறுத்தம் என்பது. எவ்வளவு அயர்ந்து தூங்கினாலும் அதைத் தாண்டிப் போய்விட முடியாது. யாராவது வந்து தட்டி இறக்கிவிடுவார்கள். கிழமை முழுக்க பஸ் ஓட்டுகிறவனுக்கு, இன்னொருவர் ஓட்டத் தான் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவதை விடப் பெரிய விடுமுறை இல்லை. போன குளிர்காலத்துச் சனிக்கிழமைகள் சில எனக்கு அப்படித்தான் போயின. மடியில் ஒரு பை. பைக்குள் பழைய பெனியன்களைக் கிழித்த துணிகள். ஆஸ்பத்திரிக்கு நோயாளி பார்க்கப் போகிறேன் என்று எதிரில் இருந்தவர்கள் நினைத்திருக்கலாம். முகம் அப்படி. உண்மையில் நான் பார்க்கப் போனது ஒரு கதிரையை, ஒரு பழைய நாற்காலியை.

அது அண்ணையின் கதிரை. அண்ணை அதைக் கொண்டுவந்தபோதே அதற்கு வயது போயிருந்தது. அவர் வேலை செய்த பெற்றோல் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய வக்கீல் அலுவலகத்தை மூடினார்கள். சாமான்களை வாசலில் இறக்கி, வேண்டியவர்கள் எடுக்கலாம் என்றார்கள். கடும் மண்ணிறத் தோல். உயர்ந்த முதுகு. இரண்டு பக்கமும் காது மாதிரி விரிந்த இறகுகள். கைப்பிடி ஓரமாகப் பித்தளை ஆணிகளை வரிசையாக அடித்திருந்தார்கள். நானும் அண்ணையும் அதைக் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தோம். பின்னால் தூக்கிய எனக்கு வழி தெரியவில்லை. முகத்துக்கு நேரே கதிரையின் வயிறு. களைத்துப்போய் நடைபாதையில் இறக்கி வைத்த ஒவ்வொரு முறையும் அண்ணை அதில் ஏறிச் சாய்ந்து இருந்தார், நான் பக்கத்தில் நின்றேன். அந்தக் கதிரையில் யார் இருப்பது என்பது வீட்டுக்கு வந்து சேர முன்னமே முடிவாகிவிட்டது.

எழும்பு என்று அண்ணை ஒருநாளும் ஒருவருக்கும் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வரவில்லை. வேலையால் வந்து, குளித்து, தலைக்கு எண்ணெய் தேய்த்துச் சீவி, அதில் சாய்ந்து, “தேத்தண்ணி” என்பார். தேநீர் வரும். அவர் மேலே போயிருந்தாலும் கதிரை அவருக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். வந்தவர்கள் செற்றியில், அந்த நீளச் சோபாவில், நெருக்கி அடித்து இருப்பார்களே தவிர அதில் இருக்க மாட்டார்கள். மச்சாள், அதாவது அண்ணையின் மனைவி, செற்றியின் ஓரத்தில் ஒரு சாண் இடத்தில் இருப்பா. எப்போதும் எழும்பப் போகிற மாதிரி.

அண்ணை போனபோது அவருடைய படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டோம். கடைக்காரர் கேட்ட அளவு எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை, எல்லோரும் தலையாட்டினோம். வந்த படம் ஒரு யன்னல் அளவு இருந்தது. வைக்க இடமில்லை. யாரோ அதைக் கதிரையில் சாய்த்து வைத்தார்கள். முன்னால் ஒரு சின்ன முக்காலி, அதன் மேல் விளக்கு. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைக் கும்பிட்டார்கள். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்தது. மேசைகளைத் திருப்பிக் கொடுத்தோம், வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்தோம். படம் கதிரையிலேயே இருந்தது. எடுத்தால் அண்ணையை எழுப்புகிற மாதிரி ஆகிவிடும் என்று ஒவ்வொருவரும் மற்றவர் எடுக்கட்டும் என்று விட்டோம்.

ஒரு வருடம் போனது. வெள்ளிக்கிழமை தோறும் அண்ணையின் மகள் வேலை முடிந்து வந்து பூ வைப்பாள். ஈரப்பூ. பக்கத்தில் அறையைச் சூடாக்குகிற ரேடியேட்டர். மேலே ஊதுபத்திச் சாம்பல். தோலுக்கு ஆகாத மூன்று காரியங்களையும் பக்தியோடு செய்தோம்.

முதலாண்டுத் திவசம் முடிந்த பிறகு மச்சாள் எனக்கு டெலிபோன் எடுத்தா.

“தம்பி, கதிரை வெடிக்குது. ஒருக்கா வந்து பாரும்.”

போனேன். கைப்பிடிகள் வறண்ட குளத்தின் அடிமாதிரிப் பாளம் பாளமாக இருந்தன. இருக்கையின் முன்விளிம்பு நகம் பட்டால் பொடியாக உதிர்ந்தது. நான் கைகட்டிக்கொண்டு டாக்குத்தர் மாதிரிப் பார்த்தேன். மச்சாள் கண்ணைக் காட்டிக் குசினிக்குள், அடுப்படிக்கு, கூப்பிட்டா. வீட்டில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் படத்துக்குக் கேட்காத மாதிரிக் குரலைத் தாழ்த்தித்தான் கதைத்தா.

“எனக்கு அதில இருக்கோணும்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை.

“நாரி நோ தம்பி, அடிமுதுகு. ஸ்கூல் குசினியில நிண்டு நிண்டு வந்தது. டொக்டர் சொல்லுறா, முதுகு உயர்ந்த கதிரையில நிமிர்ந்து சாய்ஞ்சு இருக்கட்டாம். செற்றி தாழ்ந்து போச்சு. இருந்தால் எழும்ப ஒராள் பிடிக்கோணும், பிடிக்க ஆர் இருக்கினம்? வீட்டில அப்பிடிக் கதிரை ஒண்டுதான் கிடக்கு. அதில உம்மட அண்ணை இருக்கிறார்.”

“புதுசா ஒண்டு வாங்குவமே?”

“அந்த முன்னறையில இன்னொரு கதிரை எங்க வைக்கிறது? உம்மட தலையிலயோ?”

“அப்ப படத்தைத் தூக்கிச் சுவரில மாட்டுவம். அவ்வளவுதானே.”

“நீர் சொல்லுவீர். பிள்ளையிட்டச் சொல்லும் பாப்பம். ஆம்பிளை போய் ஒரு வருசம், மனுசி அவரை எழுப்பிப்போட்டு ஏறி இருக்கிறா எண்டு சனம் கதைக்கும். நானாக் கேக்க மாட்டன்.” குழாயைத் திறந்து, கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவினா. “கதிரைக்கு வேலை கிடக்கு எண்டு சொல்லும். வேலைக்காகப் படத்தை எடுப்பம். எடுத்த படம் எடுத்ததாவே இருக்கட்டும்.”

எங்கள் குடும்பத்தில் யாரும் ஒன்றை நேராகக் கேட்டதில்லை. அதனால் இது எனக்கு மிக நல்ல திட்டமாகப் பட்டது.

அன்றைக்கே தொடங்கினேன். அதுதான் பிழை. படத்தைத் தூக்கி அலுமாரித் தட்டில் வைத்தோம். பிறகு நான் கதிரைக்கு முன்னால் குந்தி யோசித்தேன். தோல் வறண்டு வெடித்திருக்கிறது. தோல் என்றால் தோல்தான். மனிசருக்கு வெடித்தால் என்ன செய்வோம்? சனிக்கிழமை வேறு.

“மச்சாள், நல்லெண்ணெய் கிடக்கோ?”

மச்சாள் போத்தலைத் தந்தா. சனிக்கிழமை ஒரு யாழ்ப்பாணத்தான் நல்லெண்ணெய் கேட்டால் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. அவ திரும்பி வந்து பார்த்தபோது கதிரை முழுகுவதற்குத் தயாராக நின்றது. தலை முதல் கால் வரை உள்ளங்கையால் அரக்கித் தேய்த்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நிமிசம் வடிவாகத்தான் இருந்தது. வெடிப்புகள் மறைந்து, இருண்டு, மினுங்கிக்கொண்டு, வக்கீல் அலுவலகத்திலும் இப்படி இருந்திராது.

“இப்ப இருக்கலாமோ?” என்றா மச்சாள்.

“ஊறட்டும். அடுத்த கிழமை இருங்கோ.”

வீட்டுக்கு வந்து மனைவிக்குப் பெருமையாகச் சொன்னேன். அவ கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. நிமிரவில்லை.

“இஞ்சேருங்கோ, அது செத்த மாடு. முழுகி எழும்பி வராது.”

“தோலுக்கு எண்ணெய் நல்லதுதானே?”

“உங்கட குதிக்கால் வெடிப்புக்கு இருவது வருசமாச் சொல்லுறன், ஒருநாள் ஒண்டு பூசினியளோ? உங்கட அண்ணையின்ர கதிரைக்கெண்டால் மோர்டன் வரைக்கும் போவியள்.”

எண்ணெய் ஊறவில்லை. ஊறின மட்டும் ஊறி, மிச்சம் மேலே நின்று பிசின் ஆனது. கம்பளத்துத் தூசி, ஊதுபத்திச் சாம்பல், மச்சாளின் கம்பளிச் சட்டை மயிர் எல்லாம் அதில் ஒட்டின. மச்சாள் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, சட்டையைக் காப்பாற்ற எண்ணி, அதில் இருக்காமல் விட்டா. வெள்ளிக்கிழமை மகள் பூவோடு வந்தாள். படம் அலுமாரியில் இருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. தூக்கித் திரும்பக் கதிரையில் வைத்துவிட்டாள். படச்சட்டமும் ஒட்டிக்கொண்டது.

இத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, சாவீடென்றால் முதலில் வந்து கடைசியில் போகிற தூரத்து உறவுக்கார அக்கா ஒருவர் மச்சாளைப் பார்க்க வந்தார். என்ன நடந்தது என்பதை மச்சாள்தான் டெலிபோனில் சொன்னா.

“வந்து கும்பிட்டாவோ, அப்பிடியே நிண்டுட்டா. மூக்கை இழுக்கிறா. ‘இஞ்ச வா, உனக்கு மணக்கேல்லையே? அவர் முழுகிப்போட்டு வந்து இருந்த மாதிரிக் கிடக்கு’ எண்டா.”

“நீங்கள் என்ன சொன்னியள்?”

“என்னத்தைச் சொல்லுறது? பிள்ளையும் பக்கத்தில நிண்டது. அதுவும் மணந்து பாத்துப்போட்டு அழத் தொடங்கீட்டுது. ‘அப்பாவின்ர மணம்’ எண்டு. நான் சித்தப்பன் குசினியில இருந்து எடுத்துப் பூசின எண்ணெய் எண்டு சொல்லட்டோ அந்த நேரத்தில?”

பகிடிக்காரன் என்று பேரெடுத்தவனுக்குப் பகிடி வராத நேரங்கள் உண்டு.

“இப்ப ரெண்டு மூண்டு பேர் மணக்கவெண்டே வந்து போகினம்,” என்றா மச்சாள். “ஒராள் வாசலில செருப்பைக் கழட்டினதோட சொக்சையும் கழட்டுறார். தம்பி, நான் இருக்கக் கேட்ட கதிரையை நீர் கோயிலாக்கிப்போட்டீர்.”

“மாட்டுத் தோலில கோயில் கட்டினால் பாவமெண்டு ஒருதரும் சொல்லேல்லையோ?”

“பகிடியை விட்டிட்டு வாரும். போன கிழமை முழுக்கக் கட்டிலிலதான் சாய்ஞ்சிருந்தனான். இப்பிடியே போனால் படியால இறங்கி வரவே ஏலாமல் போயிடும் போல கிடக்கு.”

அதைச் சும்மா ஒரு பேச்சாகத்தான் சொன்னா. எனக்குத்தான் அடுத்த நாள் முழுக்க, சிவப்பு விளக்குகளில் நிற்கும்போதெல்லாம், மேல்மாடிக் கட்டிலில் சாய்ந்திருக்கும் மச்சாள் ஞாபகம் வந்தது. நான் இருந்து இருந்தே உழைக்கிறவன். ஓட்டுநர் ஆசனத்துக்குக் காற்றில் ஏறி இறங்கும் அடிப்பாகம், நாரிக்குத் தனிப் பிடிமானம், ஒரு பொத்தானை அழுத்தினால் உயரும். அப்படியும் நாரி நோ என்று வீட்டில் முனகுவேன். என் மனைவிக்கு அந்த முனகல் மனப்பாடம்.

பழைய தோலை எப்படிப் பார்ப்பது என்று இடைவேளை அறையில் டெலிபோனில் தேடினேன். எல்லோரும் ஒரே குரலில் முதலில் சொன்னது: குசினி எண்ணெய் எதையும் பூசாதே. என்னை நேரில் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. பூசியிருந்தால் சோளமாவைத் தூவி விடு, அது எண்ணெயை இழுக்கும். பிறகு மென்மையான சவர்க்காரம், நன்றாகப் பிழிந்த துணி. ஈரம் தானாகக் காய வேண்டும், சூட்டுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது. கடைசியாகத் தோலுக்கென்றே விற்கிற கிரீம், கொஞ்சமாக, வட்டமாக. மறைவான இடத்தில் முதலில் போட்டுப் பார். ஊற விட்டு, மினுக்கு. அவசரப்படாதே என்று ஒவ்வொருவரும் முடித்தார்கள். அவசரப்படுகிற வயசு எனக்குப் போய்விட்டது. அவசரப்படாமல் இருக்கத்தான் சக்தி போதவில்லை.

அடுத்த சனிக்கிழமை மோர்டனில் இறங்கி, மச்சாளும் நானும் படத்தைப் பிடுங்கி எடுத்தோம். பிடுங்கி என்றுதான் சொல்ல வேண்டும். கதிரையை ரேடியேட்டரிலிருந்து தள்ளி யன்னல் பக்கம் இழுத்தேன். இரண்டு பெட்டி சோளமா. சல்லடையில் போட்டுத் தட்டினேன். இறகுகள், கைப்பிடிகள், இருக்கை, எல்லாம் வெள்ளை. நானும் வெள்ளை.

அந்த நேரம் பார்த்து வாசல் திறந்தது. முந்தின நாள் வேலையில் பிந்திவிட்டதால் மகள் அன்றைக்குப் பூவோடு வந்திருந்தாள். எனக்குப் பெறாமகள். இங்கேயே பிறந்து, தமிழைக் கவனமாக, உடையாமல் எடுத்து வைக்கிற மாதிரிப் பேசுவாள். கதிரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மெல்ல வந்து, கைப்பிடியில் இருந்த மாவை விரலால் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டாள்.

“என்ன பூசை சித்தப்பா? ஏன் எனக்குச் சொல்லேல்ல?”

“பூசை இல்லையம்மா. சோளமா.”

“சோளமா?”

“எண்ணெய் எடுக்கிறதுக்கு.”

“நோ, சித்தப்பா. ஸ்டொப். அந்த மணம் போயிடும். அப்பான்ர மணம்.”

மச்சாள் குசினி வாசலில் நின்றா. சுவரில் ஒரு கையை ஊன்றியிருந்தா. அது கோபத்தினால் இல்லை, நாரியினால்.

“பிள்ளை, உது நல்லெண்ணெய். உன்ர சித்தப்பா பூசினவர்.”

மகள் என்னைப் பார்த்தாள். நான் சல்லடையைப் பார்த்தேன்.

“உன்ர அப்பா தலைக்கு வைச்சது தேங்காய் எண்ணெய்,” என்றா மச்சாள். “நல்லெண்ணெய் அவருக்குத் தலையிடி குடுக்கும், கிட்டவும் கொண்டு போகேலாது. அப்பாவின்ர மணம் எண்டு ஒண்டு இருந்ததெண்டால் அது பெற்றோல் மணம். எத்தினை தரம் தோய்ச்சும் சேட்டுகளில போகேல்ல. நான்தானே தோய்ச்சனான்.”

மகளின் நெற்றியில் சோளமா அப்படியே இருந்தது. துடைக்கச் சொல்ல வேண்டியது நான்தான். சொல்லத் துணிவு வரவில்லை.

“அப்ப ஏன் இதெல்லாம் செய்யிறீங்க? வெடிச்சால் வெடிச்சிட்டுப் போகட்டும். அப்பான்ர கதிரை அது. ஒருத்தரும் இருக்கப் போறதில்லைத்தானே.”

நான் மச்சாளைப் பார்த்தேன். கதிரைக்கு வேலை கிடக்கு என்று சொல்வதுதான் திட்டம். எடுத்த படம் எடுத்ததாக இருக்கும். யாரும் ஒன்றும் கேட்கத் தேவையில்லை. மச்சாள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னா:

“எனக்கு இருக்கோணும்.”

“எங்க?”

“அதில. எனக்கு நாரி ஏலாது. அதில இருக்கோணும்.”

மகள் பூப்பையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பிறகு அதை அலுமாரித் தட்டில் வைத்தாள். படத்துக்கு முன்னால் இல்லை, சும்மா ஒரு ஓரத்தில். சப்பாத்தைப் போட்டாள். “பேந்து கதைப்பம் அம்மா” என்றாள். போய்விட்டாள்.

“நெத்தியில மாவோட போகுது,” என்றா மச்சாள்.

அந்தக் கிழமை அவள் தாய்க்கு டெலிபோன் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை பூவும் வரவில்லை. மாவு தூவிய மறுநாள் காலையே மச்சாள் அதைத் தூரிகையால் தட்டிவிட்டு, கட்டி கட்டியாக எண்ணெய் இழுத்து வந்திருக்கு என்று எனக்கு டெலிபோனில் சொன்னா. அதைச் சொன்ன குரலில் சந்தோசம் இல்லை. “நான் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் தம்பி. கட்டிலில சாய்ஞ்சு கிடந்தால் ஆருக்குத் தெரியப்போகுது?”

“படியால இறங்க ஏலாமல் போனால் தெரியும்தானே.”

அவ டெலிபோனை வைத்துவிட்டா.

அதற்கடுத்த சனிக்கிழமை நான் கிரீமோடு போனேன். அந்தப் பேணியை என் மனைவி இரண்டு நாள் முன்னமே திறந்து மணந்து பார்த்து, என் குதிக்காலில் கொஞ்சம் பூசச் சொல்லி விட்டிருந்தா. மறைவான இடத்தில் முதலில் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்குத்தானே என்றா. பின்னால் பார்த்தால், குதிக்காலிலும் கதிரையிலும் பலன் ஒன்றுதான்: வெடிப்பு போகவில்லை, ஆனால் மேற்கொண்டு வெடிக்கவில்லை.

பிழிந்த துணியால் கதிரையைத் துடைத்தேன். துணியில் வந்த கறுப்பு, அண்ணை பெற்றோல் நிலையத்தால் வந்து கை கழுவினால் வருகிற கறுப்பு மாதிரியே இருந்தது. காய விட்டு, மச்சாள் தந்த சோற்றைச் சாப்பிட்டு, செற்றியில் கொஞ்சம் கண்ணயர்ந்து, எழும்ப முடியாமல் அந்தரப்பட்டு, பிறகு கிரீம். விரலில் கொஞ்சம். துணியில் கொஞ்சம். வட்டம் வட்டமாக. கைப்பிடியில் அண்ணை தாளம் போடுகிற இடம் ஒன்று இருந்தது. அங்கே தோல் மெலிந்து துணிமாதிரி ஆகியிருந்தது. அங்கே அழுத்தவில்லை. பித்தளை ஆணிகளைச் சுற்றி, கீழே, பின்னால். தோள்மூட்டு நோக, மற்றக் கைக்கு மாற்றினேன். அண்ணை உயிரோடு இருந்த காலத்தில் அவருக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கினேனா என்று ஒரு கேள்வி வந்தது. ஆனால் அவரும் இவ்வளவு நேரம் என்னை வட்டமாகத் தேய்க்க விட்டிருக்க மாட்டார்.

முதுகின் மேல்பக்கத்தில், தலை சாய்கிற இடத்தில், ஒரு கறுத்த அடையாளம் இருந்தது. கோப்பைத் தட்டு அளவு. வருசக்கணக்கான தேங்காய் எண்ணெய். சோளமாவுக்கும் அசையவில்லை. நான் அதைத் தொடாமல் சுற்றிவரப் பூசினேன். ஓரம் தப்பிவிடாமல் மிகக் கவனமாக. அதை நினைத்து எனக்கே கண் கொஞ்சம் கலங்கியது.

மச்சாள் வந்து பார்த்தா.

“எல்லாம் வடிவாக் கிடக்கு. உதை ஏன் விட்டனீர்?”

“அது அண்ணையின்ர தலை மச்சாள்.”

“ஓம், தெரியும். அதைத்தானே இத்தினை வருசமா நான் சவர்க்காரம் போட்டுத் தேய்ச்சனான். தேய்யும்.”

தேய்த்தேன். கொஞ்சம் மங்கியது. அதற்கு மேல் மாட்டேன் என்றது.

“போகாது மச்சாள்.”

“ஓம். அவர் எப்ப சொன்ன உடன எழும்பினவர்,” என்றா. “காணும், விடும். ஒரு துவாயைப் போட்டுட்டு இருப்பன்.”

கிரீம் ஊறி முடிய வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. லண்டன் குளிர்காலம், தேத்தண்ணி நேரத்துக்கே இருட்டிவிடும். காய்ந்த துணியால் மினுக்கினேன். நல்லெண்ணெய் வைத்த நாளின் பளபளப்பு இல்லை. பழைய, களைத்த, சுத்தமான ஒரு கதிரை.

“இப்ப இருங்கோ.”

மச்சாள் கையைத் துடைத்தா. துவாயைப் போட்டா. பிறகு அலுமாரித் தட்டைப் பார்த்தா. படம் நேரே கதிரையைப் பார்த்தபடி இருந்தது.

“திருப்பி வைக்கட்டோ?” என்றேன்.

“வேண்டாம். பாக்கட்டும்.”

இருந்தா. செற்றியில் இருக்கிற மாதிரியே, ஓரத்தில், ஒரு சாண் இடத்தில்.

“பின்னுக்குப் போங்கோ மச்சாள். சாயத்தான் கதிரை.”

கைப்பிடிகளை ஊன்றிப் பின்னுக்கு நகர்ந்தா. முதுகு போய்ச் சேர்ந்தது. உடனே கால்கள் இரண்டும் நிலத்தை விட்டு எழும்பின. அண்ணை ஆறடி. மச்சாளின் கால்கள் தொங்கின. இதை நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை.

“எப்பிடிக் கிடக்கு?”

“நாரிக்குச் சுகம்,” என்றா. “கால்தான் எங்க போறதெண்டு தெரியாமல் கிடக்கு.”

வாசலில் சாவி திரும்பியது. மச்சாள் சட்டென்று இரண்டு கையையும் ஊன்றினா, எழும்ப. எழும்ப முடியவில்லை, கால் நிலத்தில் இல்லை. மகள் உள்ளே வந்துவிட்டாள். கையில் பூ. தாயைப் பார்த்தாள். நான் துணியை மடித்தேன். மடிப்பதற்கு ஒன்றும் இல்லாதபோதும் மடித்தேன்.

“இருங்கோ அம்மா,” என்றாள்.

பூவை எடுத்துப்போய்ப் படத்துக்கு முன்னால் வைத்தாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். திரும்பியபோது அவள் பார்த்தது தாயின் முகத்தை இல்லை, கால்களை. கதிரை இருந்த பழைய இடத்தில் முக்காலி இன்னும் விளக்கோடு நின்றது. அவள் விளக்கைத் தூக்கி அலுமாரித் தட்டில், படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“சித்தப்பா, உந்தத் துணியைத் தாங்கோ.”

முக்காலியில் சிந்திக் காய்ந்திருந்த விளக்கு எண்ணெயைத் துடைத்தாள். கொண்டுவந்து தாயின் காலடியில் வைத்து, ஒவ்வொரு காலாக எடுத்து அதன் மேல் வைத்தாள். மச்சாள் தலையைச் சாய்த்தா. அடையாளத்துக்குக் கொஞ்சம் கீழே போய்ச் சேர்ந்தது, அவ கட்டைதானே.

“மணம் இல்லை இப்ப,” என்றாள் மகள், கைப்பிடியை மணந்து பார்த்துவிட்டு.

“கிரீம் மணம் கிடக்கு,” என்றேன். “சப்பாத்துக்கடை மாதிரி.”

“மூண்டு மாசத்துக்கு ஒருக்காப் பூசோணுமாமே? நான் பாத்தனான், ஒன்லைன்ல.”

“ஓம்.”

“நான் பூசுறன். நீங்க எண்ணெய் ஒண்டும் தொட வேண்டாம்.”

அப்போது கதிரையிலிருந்து ஒரு குரல் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, யாரையும் குறிப்பிடாமல், கதிரைக்கே உரிய குரலில்:

“தேத்தண்ணி.”

மகளும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவள் தாயின் காலடியில் நிலத்தில் இருந்துவிட்டாள். மிச்சம் நான்தான். குசினிக்குப் போய் கெட்டிலைப் போட்டேன். கிழமை முழுக்க ஓட்டிய களைப்பும், அன்றைக்குத் தேய்த்த களைப்பும் ஒன்றாகக் காலுக்கு இறங்கியது. கொதிக்கும்வரை எங்காவது இருப்போம் என்று திரும்பிப் பார்த்தேன். அந்தக் குசினியில் இருப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒரு முக்காலி கூட இல்லை. இத்தனை வருடம் வந்து, சாப்பிட்டு, கை கழுவிப் போயும் அதை நான் கண்டதில்லை.

“எனக்குச் சீனி குறைவா,” என்றது முன்னறைக் குரல்.

ஓம் என்றேன். கழுவுதொட்டியில் சாய்ந்துகொண்டு, கெட்டில் கொதிக்கும்வரை நின்றேன்.